தெருவுக்கு ஒரு நம்பர்

"என் நம்பரப் போடு."

அக்காவை நினைத்தால் முதலில் காதில் விழுவது இதுதான். ரேஷன் கடை, கேஸ் ஏஜென்சி, பள்ளிக்கூட அட்மிஷன் மேஜை, எங்கே யாரிடம் போன் நம்பர் கேட்டாலும் சரி. பதில் சொல்ல வேண்டியவர் யோசிப்பதற்குள் அக்கா பக்கத்திலிருந்து சொல்லிவிடுவார். பத்து இலக்கத்தையும் மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் சொல்வார். எழுதுகிறவர் திணறிப்போய், "மெதுவாச் சொல்லுங்கம்மா" என்பார்.

தென்காசியில் மூன்று வருடம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே பேங்கில் மாற்றல். எனக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அக்காவின் கணவர் சவுதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகள் இல்லை. கீழ் வீட்டில் அக்காவும் ஒரு போனும்தான்.

அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். மற்ற வீடுகளில் போன் இல்லாமல் இல்லை. கணவரோடு முகம் பார்த்துப் பேச எல்லாப் பெண்களிடமும் ஒன்று இருந்தது. ஆனால் அதில் மெசேஜ் வந்தால் பயம். எதையாவது தொட்டால் பணம் போய்விடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அந்தப் பயம் கிடையாது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், இங்கிலீஷ் அதுவும் இல்லை. ஆனாலும் துணிந்து தொடுவார். தொட்டுத் தொட்டே எல்லாம் பழகிவிட்டார். அதனால் தெருவின் ஆதார், கேஸ், ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரே நம்பரில் வந்து சேர்ந்தன.

நான் குடிவந்த முதல் வாரம் கேஸ் கனெக்ஷன் மாற்றப் போனபோது கூடவே வந்தார். என் நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒன் நம்பர் எதுக்கு? கேஸ்காரன் கூப்பிடுத நேரம் நீ மீட்டிங்ல இருப்ப. அவன் சிலிண்டரத் தூக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருவான். என் நம்பரப் போடுட்டி."

போட்டேன். மூன்று வருடமும் என் சிலிண்டர் அவரைக் கேட்டுத்தான் வந்தது.

ஓடிபி என்று சொல்ல மாட்டார். அது "நாலு நம்பரு". ஆறு இலக்கம் வந்தாலும் நாலு நம்பருதான். மெசேஜ் வந்ததும் வாசலுக்கு வந்து நின்று, "ஏட்டி, ஒனக்கு நாலு நம்பரு வந்திருக்கு! எழுதிக்கோ!" என்று எதிர் வீட்டைப் பார்த்துக் கத்துவார். தெருவே கேட்கும். பால்காரர்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார். கம்ப்யூட்டர் படித்தவள் என்ற தோரணையில் ஒருநாள் எடுத்துச் சொன்னேன்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு."

"யார்ட்டயும்னா அன்னியர்ட்ட. இது நம்ம தெருல்லா."



இந்தச் சேவையில் வம்பும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளைப் பற்றி மெசேஜ் வரும். அக்கா நேரே அந்த வீட்டுக்குப் போய், "ஒம் மவன் பள்ளிக்கூடம் போகலையாமே, எங்கன இருக்கான்?" என்று கேட்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு மருமகள் பிள்ளை உண்டாகியிருப்பதை மாமியாருக்குத் தெரியும் முன்பே அக்காவின் போன் தெரிந்துகொண்டது. நர்ஸ் பதிவு செய்த கையோடு மெசேஜ் வந்துவிட்டது. அக்கா வாயைத் திறக்கவில்லை. விஷயம் எப்படியோ கசிந்து, அந்த மாமியார் வாசலில் நின்று, "எங்க வீட்டுச் சமாச்சாரம் எல்லாம் ஒங்க கைக்குள்ளயா?" என்று ஒரு மணி நேரம் ஏசினார். மறுநாள் அதே மாமியார் ரேஷன் கார்டோடு வந்து நின்றார். நாலு நம்பரு வேண்டுமாம். நானாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஒனக்கு போன் வாங்கிக் குடுத்தேனா, ஊருக்கு வாங்கிக் குடுத்தேனா?" என்று சவுதியிலிருந்து அவர் கணவர் கேட்பது மாடிப்படி வரை கேட்கும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்தால் அக்கா, "செத்த இருங்க, நாலு நம்பரு வந்திருக்கு" என்று பேச்சை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடுவார். பாவம், அந்த மனுஷன் திரையில் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி டாக்டர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போடும் ஆப் செய்கிறது. திரையில் என்ன எங்கே வர வேண்டும், எதைத் தொட்டால் என்ன ஆக வேண்டும் என்று வடிவமைப்பது என் வேலை. டாக்டர்களுக்கு இலகுவாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தாரக மந்திரம். குற்றாலம் ரோட்டில் ஒரு பொது மருத்துவர் எங்கள் ஆப்பை முதலில் எடுத்துக்கொண்டார். நானும் அதே ஊரில் இருந்ததால் அவருடைய கிளினிக்குக்குப் போய் மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று நாள்கணக்கில் பார்த்துக் குறித்தேன்.

"நான் ஒரு தடவ தொட்டா அடுத்த பேஷண்ட் வரணும். ரெண்டு தடவ தொட வச்சீங்கன்னா பழைய நோட்டுக்கே போயிருவேன்" என்று அவர் சொன்னார். ஒரே தொடுதலில் வர வைத்தேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களோடு நான் ஒருநாளும் உட்காரவில்லை. எனக்கு வேலை கொடுத்தவர் உள்ளே இருப்பவர்தானே.

தெருவில் எல்லோருக்கும் அவர்தான் டாக்டர் என்பதால் அக்காவின் போனில் அந்த ஆப்பையும் நானே ஏற்றிக் கொடுத்தேன். எனக்கு அதில் பெருமை. அக்காவுக்கு என்னைவிடப் பெருமை. "இத எங்க மாடில இருக்க புள்ளதான் செஞ்சிச்சு" என்று தெரு முழுவதும் சொன்னார். அன்றிலிருந்து தெருவின் காய்ச்சலும் இருமலும் பிரஷரும் அந்த நம்பரில் போக ஆரம்பித்தன.

ஒருநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "ஏம்மா, இந்த நம்பரப் பாருங்க. திங்கக்கிழம நாலு வயசுப் புள்ள, செவ்வாக்கிழம எழுவது வயசு ஆம்பள, இன்னைக்கு மாசமா இருக்குற பொண்ணு. ஒங்க சாஃப்ட்வேருக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?"

கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கேஸ் ரசீதில் இருக்கிற நம்பர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பார்க்கிறேன் சார்" என்றேன். எங்கள் ஆப் ஒரு நம்பரை ஒரு ஆள் என்றுதான் கணக்கு வைத்திருந்தது. ஒரே நம்பரில் ஒரு தெருவே இருக்கலாம் என்று சென்னையில் இருக்கும் எங்கள் மேனேஜரிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். "அது எட்ஜ் கேஸ்ம்மா" என்றார். எப்போதாவது அபூர்வமாக நடப்பது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் பாஷையில் அர்த்தம். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் கடைசியில் எழுதி வைத்தேன். பட்டியலில் எழுதியதே செய்து முடித்த மாதிரி எனக்குத் திருப்தியாக இருந்தது.

சீசன் தொடங்கும் முன்னால் டாக்டர் இன்னொன்று கேட்டார். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தில் லாட்ஜ் நிரம்பிவிடும். "லாட்ஜ்ல இருந்துக்கிட்டு காய்ச்சல்னு போடுதான். ரெண்டு மாத்திரைல எறங்கிட்டா நம்மள மறந்துட்டு ஐந்தருவில போய் நிக்கான். இங்க அவன் எடம் சும்மா கெடக்கு. இதுக்கு ஒரு வழி பண்ணுங்கம்மா. ஆனா பிளாக் பண்ணிட்டோம்னு மட்டும் சொல்லிராதீங்க. வாசல்ல வந்து சண்டைக்கு நிப்பான்."

நான் வழி பண்ணினேன். மூன்று முறை போட்டுவிட்டு வராத நம்பருக்கு அதற்குப் பிறகு எந்த நாளும் இடம் காட்டாது. தடை செய்திருக்கிறோம் என்றும் சொல்லாது. "இன்றைய இடங்கள் நிரம்பிவிட்டன. நாளை முயலவும்" என்று வரும். சண்டை இல்லை, சத்தம் இல்லை, யார் மனமும் நோகாது. அந்த வரியை நானே உட்கார்ந்து எழுதினேன். "முயலவும்" என்பது மரியாதையாக இருக்கிறதென்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். "இதுதாம்மா எனக்கு வேணும்" என்றார் டாக்டர். மேனேஜர் அதை மற்ற ஊர் டாக்டர்களுக்கும் காட்டி விற்றார்.

சீசனுக்கு வருகிறவன் வருடத்துக்கு ஒருமுறை வருகிறான். அவன் மூன்று தடவை டிமிக்கி கொடுக்க மூன்று வருடம் ஆகும். இந்த வலையில் உள்ளூர்க்காரர்களைத் தவிர யாரும் விழ முடியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு. எனக்குப் புரியவில்லை. அதை முடித்த கையோடு என்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள், அந்தக் கிளினிக் பக்கம் நான் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அந்த வருடம் சாரல் விடாமல் பெய்தது. துணி காயவில்லை, தீப்பெட்டி நமத்துப்போனது. அக்கா கொஞ்சம் காலைச் சாய்த்து நடப்பதைப் பார்த்தேன்.

"காலுக்கு என்னக்கா?"

"செருப்பு வார் கடிச்சிட்டு. இந்த ஈரத்துல ஆற மாட்டேங்குது, வேறொண்ணுமில்ல."

அவருக்குச் சர்க்கரை உண்டு. எனக்கும் தெரியும். மேலே பால் காய்கிற நேரத்தில் கீழே அவர் மாத்திரை அட்டையைக் கிழிக்கிற சத்தம் கேட்கும். தெரிந்தும் நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே மாடிப்படியில் நின்று பேச்செடுத்தார்.

"ஒன் டாக்டருக்கு என்ன கூட்டம்ட்டி! நானும் பத்து நாளாப் பாக்கேன், எடம் நெறஞ்சிட்டு, நாளைக்குப் பாருன்னே வருது. ஒன் ஆப்பு ஓகோன்னு ஓடுது, போ."

"யாருக்குக்கா பாக்குதீங்க?"

"தெருவுல கேக்காவ. நாலஞ்சு பேரு."

"நான் வேணா டாக்டர்ட்ட சொல்லிப் பாக்கட்டா?"

"சீ, வேண்டாம். மத்தவுக மொறையாப் போட்டுட்டு வந்து உக்காந்திருப்பாகள்லா. நாம பொறத்தால நுழையக் கூடாது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அடுத்த மீட்டிங்கில், "எங்க ஹவுஸ் ஓனரே சொல்றாங்க, பத்து நாளா இடமே கிடைக்கலையாம்" என்று சொன்னேன். மேனேஜர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அடுத்த வாரம் அச்சன்புதூரிலிருந்து அக்காவின் தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்தார். அக்காவுக்கு இரண்டு நாளாகக் குளிர் காய்ச்சல். பாதம் வீங்கி, நிறம் மாறி, துணி சுற்றியிருந்ததையும் மீறி வாடை வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிறார்கள். காரில் ஏறுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தார்.

"இத நீ வச்சுக்கோட்டி. எனக்கு அங்கன தம்பி போன் இருக்கு. எதுத்த வீட்டுப் புள்ளைக்கு ஸ்காலர்ஷிப்புக்கு நாலு நம்பரு வரும். வந்தா ஒடனே சொல்லிரு, பத்து நிமிசத்துல செத்துரும் அது."

மூன்றாம் நாள் பிற்பகல் எதிர் வீட்டுப் பெண் இடுப்பில் பிள்ளையோடு மாடிக்கு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. "அக்கா போன்ல டாக்டருக்குப் போட்டுத் தாங்க. அக்கா பாத்துப் பாத்து எடம் இல்லன்னுட்டாவ. இன்னைக்காவது இருக்கான்னு பாருங்க."

பார்த்தேன். இன்றைய இடங்கள் நிரம்பிவிட்டன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் எப்படி நிரம்பும் என்று முதன்முறையாகச் சந்தேகம் வந்தது. லேப்டாப்பைத் திறந்து டாக்டர் பார்க்கும் திரைக்குப் போனேன். அன்று சாயங்காலம் மட்டும் பதினான்கு இடம் காலியாக இருந்தது. என் போனில் பார்த்தேன். அதிலும் பதினான்கு. அக்காவின் போனில் மட்டும் ஒன்றுமில்லை. என் போனிலேயே அந்தப் பிள்ளைக்குப் போட்டு ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, தடை செய்த நம்பர்களின் பட்டியலைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது.

வராத மூன்று பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி, கணவர் திடீரென்று லீவில் வருகிறார் என்று திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்விட்டாள். ஒருவர் வயதான தறிக்காரர், கஷாயத்தில் இருமல் நின்றுவிட்டது, பிறகு டாக்டர் எதற்கு என்று இருந்துவிட்டார். இன்னொரு பெண்ணுக்கு அன்றைக்கு பஸ் வரவில்லை. போட்டதை ரத்து செய்ய வேண்டும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றாது. வர முடியவில்லையென்றால் வரவில்லை, அவ்வளவுதான்.

யார் யார் இடம் தேடினார்கள் என்பதையும் எங்கள் ஆப் பெயரோடு குறித்து வைக்கும். தெருக்காரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் ஒரு தேதியிலிருந்து அக்காவின் சொந்தப் பெயர் வர ஆரம்பித்தது. ஆப்பில் காலை ஆறு மணிக்கு இடம் திறக்கும். ஆறு மணிக்கு ஒருமுறை, ஆறு ஒன்றுக்கு ஒருமுறை, ஆறு மூன்றுக்கு ஒருமுறை. மறுநாளும் அப்படியே. பதினேழு நாள். நான் மேலே தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

அந்த நம்பரை உடனே விடுவித்தேன். விடுவித்து என்ன? அன்று காலையில்தான் திருநெல்வேலியில் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் உண்மையிலேயே கலங்கிவிட்டார். "நேர்ல வந்திருந்தா பாத்திருப்பேனேம்மா" என்றார். அக்கா நேரிலும் வந்திருக்கிறார். முன்னால் உட்காரும் பெண், "போன்ல எடம் கெடச்சா வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆப்பில் போடாமல் வருகிறவர்களை அனுமதிக்கக் கூடாது என்று அவள் மேஜையில் லேமினேட் செய்து ஒட்டிய அட்டை நான் கொடுத்ததுதான். "அந்த நம்பர்ல பல பேர் இருக்காங்கன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார். தெரியும் என்றேன்.

மேனேஜர் வருத்தப்பட்டார். ஆனால் அந்த வசதியை எடுக்க முடியாது என்றார். டாக்டர்கள் கேட்டு வாங்குவதே அதற்காகத்தானாம். மூன்றை ஐந்தாக்கலாம், வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். வேலையை விட்டேனா என்றால், இல்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். சம்பளம் கூடியிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அச்சன்புதூரில் அவர் தம்பி வீட்டுக்குப் போனேன். போனைக் கொடுக்க வேண்டும், விஷயத்தையும் சொல்ல வேண்டும். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் சீக்கிரமே தட்டையாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாட்டி. எதுத்த வீட்டுப் புள்ளைக்கு நாலு நம்பரு வந்துச்சா? சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"காலப் பாக்காத. போனது போச்சு. டாக்டரும் என்ன செய்வாரு, கூட்டம் அப்படி. இவுகளும் சவுதில இருந்துக்கிட்டு ஒன்னிய ஏசுதாவ. அந்தப் புள்ளைய ஏன் ஏசுதீய, அவளா எடத்த அடைச்சு வச்சான்னு கேட்டேன்."

கொஞ்சம் விட்டால் நான் அந்தப் பேச்சிலேயே ஒளிந்துகொண்டு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன். எப்படியோ சொல்லிவிட்டேன். மூன்று பேர் வராதது, நம்பரைத் தடுத்தது, அந்த வரியை நான் எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பாதி புரியவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வைத்தார்.

"அப்ப எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"எல்லா நாளுமா?"

"அனேகமா எல்லா நாளும்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் தேவலை என்றும் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கொண்டுவந்து மடியில் வைத்த போனையும் தொடவில்லை. வலது கையை விரித்து, கட்டை விரலால் ஒவ்வொரு விரலாகத் தொட ஆரம்பித்தார்.

"எதுத்த வீட்டுப் புள்ள வந்து கேட்டா. எடம் இல்லன்னேன். தறிக்கார மாமா மூணு நாளு வந்தாக, மூணு நாளும் இல்லன்னேன். மாசமா இருக்கவ காலு வீங்கிப் போயி வாசப்படில உக்காந்திருந்தா, நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன். இன்னும் யாரு... அந்த மாமியாக்காரி. அவ நெஞ்சு கரிக்குதுன்னா."

"அக்கா, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? நான் எழுதினதுதானே."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். காலை எடுத்தபோதுகூட அழவில்லை என்று தம்பி மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள். இப்போது கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"நீ எழுதிப் போட்டுட்டு மேல போயிட்ட. எல்லாரும் கேட்டது என்ட்டல்லா. வாசிச்சு வாசிச்சு சொன்னது நானுல்லா."